அதே கேஸ்தான்

2023 ஆகஸ்ட் மாதம். பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற தூக்கம் பிடித்த பீரியடு. ஹைடெக் லேப் என்று பெயர் வைத்திருக்கும் அறையில் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு அறிவியலில் 'சுற்றுச்சூழல் மேலாண்மை' என்று ஒரு பாடம். சூரிய சக்தி, காற்றாலை, உயிரி வாயு எல்லாம் அதில்தான் வருகிறது.

வீடியோவில் ஒரு குட்டி வீடு. பக்கத்தில் ஒரு மாடு. சாணம் யாரும் அள்ளாமல் தானாகவே தொட்டிக்குள் போகிறது. கக்கூஸிலிருந்து ஒரு குழாய் அதே தொட்டிக்கு வருகிறது. குமிழ் குமிழாக வாயு கிளம்பி இன்னொரு குழாய் வழியாக அடுப்படிக்குப் போய் நீலமாக எரிகிறது. புடவை கட்டிய பொம்மைப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டே சோறு ஆக்குகிறாள். தூய ஆற்றல், தூய்மையான கிராமம் என்று ஒரு ஆம்பளைக் குரல் சொல்லி முடித்தது.

"டவுட் இருந்தா கேளுங்க" என்றேன். பீரியடு முடிய ஐந்து நிமிஷம் இருந்தால் எல்லா டீச்சரும் சொல்வதுதான். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அட்டென்டன்ஸ் எடுக்கும்போதுகூட கையைத்தான் தூக்குவாள், வாய் திறக்க மாட்டாள்.

"மிஸ், இந்த மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு எல்லாம் செப்டிக் டேங்க்லயும் இருக்குமா?"

"இருக்கும்மா."

"அப்ப எங்கப்பா செத்தது இதே கேஸ்லதானா மிஸ்?"

வகுப்பு அப்படியே அடங்கிப் போச்சு. திரையில் அந்தப் பொம்மை இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. நான் சொன்ன பதில் இது: "அது வேற பாடம்மா. உக்காரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். பெல் அடித்தது. அந்த ஒரு பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தைச் சுற்றியே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தெலுங்கு பேசுவோம், அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். மெட்ராஸ் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் ரெண்டு வகை. ஒரு வகையை 'நாயுடுவா?' என்று கேட்பார்கள். இன்னொரு வகையைக் கேட்கவே மாட்டார்கள், கையில் விளக்குமாறு இருக்கும். நாங்கள் ரெண்டாவது வகை. அருந்ததியர். நைனா ஒரு நகராட்சியில் துப்புரவுப் பணியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வீட்டு செப்டிக் டேங்க் வேலைக்கும் போவார்.

2012 டிசம்பரில், தகுதித் தேர்வு எழுதித் தேறியவர்களுக்கு வேலை ஆர்டர் கொடுத்தார்களே, அதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. ஸ்டாஃப் ரூமில் போய் உட்கார்ந்த முதல் வாரம், நான் போனில் அம்மாவோடு பேசுவதைக் கேட்டுவிட்டு ஒரு டீச்சர், "ஓ, தெலுங்கா நீங்க? நாயுடுவா?" என்று சிரித்தார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தேன். அந்த டிபன் பாக்ஸ் பதினோரு வருஷம் என் வாயை மூடி வைத்திருந்தது.

அப்படிப்பட்ட ஒருத்தியிடம்தான் அந்தப் பிள்ளை கேட்டாள். அவளுடைய அப்பா எப்படிச் செத்தார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு அடுக்ககத்தில் டேங்க் சுத்தம் பண்ண இறங்கியவர். அவரைத் தூக்கப் போன இன்னொருவரும் போய்விட்டார். அவள் என்னிடம் அனுதாபம் கேட்கவில்லை. கெமிஸ்ட்ரிதான் கேட்டாள். கெமிஸ்ட்ரி டீச்சர் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி நைனாவுடைய அர்ணாக்கொடியை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக் கொடி. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, அம்மா அதை ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பெட்டியில் வைத்திருக்கிறார். சின்ன வயதில் எங்கள் வீட்டில் வாராவாரம் ஒரு சடங்கு நடக்கும். அம்மா அந்தக் கொடியைப் புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டு வெள்ளை வெளேரென்று தேய்ப்பார். ரெண்டே நாளில் கருத்துவிடும். பக்கத்து வீட்டு மாமா கொடியெல்லாம் மாசக்கணக்கில் பளபளவென்று இருக்கும். "ஒங்க நைனா ஒடம்பு சூடு அப்படி" என்பார் அம்மா. வெள்ளி கருத்தால் உடம்பு சூடு என்பதுதானே நம் ஊரில் வைத்தியம். வெந்தயம் ஊறப்போட்டுக் கொடுப்பார். நைனாவும் குடித்தார், பாவம்.

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சால்ட் அனாலிசிஸ் செய்வதற்காக கிப் உபகரணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தயார் செய்வோம். அழுகின முட்டை நாற்றம் என்று புத்தகத்தில் இருக்கும். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியது. நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அது நைனா வேலை முடிந்து வீட்டுக்கு வருகிற வாசனை. அந்த வாயு வெள்ளியோடு சேர்ந்தால் சில்வர் சல்பைடு, கறுப்பு நிறம். என் அப்பாவின் இடுப்பில் இருபது வருஷம் ஒரு கேஸ் மீட்டர் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நாங்கள் வாராவாரம் தேய்த்துத் தேய்த்து அழித்திருக்கிறோம்.

நைனாவுக்குப் படிப்பு இல்லை. ஆனால் அந்த வேலைக்கு அவரிடம் ஒரு பாடத்திட்டம் இருந்தது. தெலுங்கில்தான் சொல்வார், தமிழில் இப்படி வரும்: "மூடி எத்தன இருக்கோ அத்தனயும் தொறந்துப் போட்டு ஒரு மணி நேரம் காத்தாட வுடணும். மூங்கி வுட்டுக் கலக்கணும். கரப்பான் பூச்சி உசுரோட மேல ஓடியாந்தா எறங்கலாம். செத்து மெதந்தா எறங்கக் கூடாது. நாத்தம் அடிச்சா பயமில்ல. அடிச்ச நாத்தம் திடீர்னு நின்னுச்சுன்னா, அப்பத்தான் ஓடியாரணும்."

கடைசி வரியைப் பாருங்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிஷங்களில் மூக்கு மரத்துவிடும், வாசனையே தெரியாது. 700, 1000 என்று போனால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவான். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியிலேயே தங்கியிருக்கும். மேலே எட்டிப் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, குனிகிறவனுக்குத்தான். சேற்றைக் கிளறினால், அதுவரை அடைபட்டுக் கிடந்தது மொத்தமாகக் கிளம்பும். மீத்தேன் லேசானது, நாற்றமே கிடையாது, தீக்குச்சி கிழித்தால் வெடிக்கும். இதெல்லாம் எனக்கு டிகிரி படித்துத் தெரிந்தது. அவருக்கு, கூடப் போன ஆட்கள் செத்துத் தெரிந்தது.

அடுத்த திங்கட்கிழமை கொடியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வீடியோ போடவில்லை. "போன வாரம் ஒரு கேள்வி வந்துச்சு. நான் தப்பா பதில் சொல்லிட்டேன். அது வேற பாடம் இல்ல, இதே பாடம்தான். அதே கேஸ்தான்" என்று சொல்லிவிட்டு, "இது எங்க நைனாவோடது. அவரும் டேங்க்குக்குள்ள எறங்கித்தான் என்னைப் படிக்க வெச்சாரு" என்றேன். இவ்வளவுதான். இதைச் சொல்ல பதினோரு வருஷம். முதல் பெஞ்சில் ஒரு பையன் கொடியைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். அதையும் பார்த்தேன். கடைசி பெஞ்சுப் பெண் எழுந்து வந்து வாங்கிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

அதற்கப்புறம் அந்த ஹைடெக் லேபை நாங்கள் பயன்படுத்திய விதமே வேறு. தமிழ்நாட்டில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் இந்த லேப் இருக்கிறது. 2018இல் பாடப் புத்தகங்களில் கியூஆர் கோடு வந்தது. மணற்கேணி என்ற செயலியை 2023 ஜூலையில் எங்கள் தாம்பரத்தில், சேலையூர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வைத்துத்தான் வெளியிட்டார்கள். இதெல்லாம் நல்ல விஷயம்தான். நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. சேரிப் பிள்ளை கையில் மவுஸ் வருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனால் திரை காட்டுவதை மட்டும் பார்த்தால், சுத்தம் தானாகவே நடக்கிற ஒரு உலகம்தான் தெரியும்.

பள்ளி லேபில் லெட் அசிட்டேட் ஒரு பாட்டில் இருந்தது. ஃபில்டர் பேப்பரை அந்தக் கரைசலில் நனைத்துக் காயவைத்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு பட்டால் பழுப்பாகும், நிறைய இருந்தால் கறுப்பாகும். லெட் அசிட்டேட் விஷம். அதனால் நனைப்பதும் காயவைப்பதும் நானே செய்தேன், காகிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று ஆயிரம் தடவை சொல்லித்தான் கொடுத்தேன். நாற்பது பிள்ளைகள், நாற்பது கீற்று. வீட்டுக்குப் பக்கத்தில் எங்காவது ஒரு ராத்திரி கட்டித் தொங்கவிட்டுவிட்டுக் காலையில் கொண்டுவர வேண்டும். தேதி, இடம், எவ்வளவு நேரம் என்று நோட்டில் எழுத வேண்டும்.

பழுப்பும் கறுப்புமாகக் கீற்றுகள் வந்தன. சிலது வெள்ளையாகவே வந்தது. லேப் கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டு, செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு வீட்டையும் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடித்துப் புள்ளி வைத்தார்கள். தன் வீட்டுக் கூரையை ஆகாசத்திலிருந்து பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கே பாதி பீரியடு போனது. புள்ளிகளை வைத்து முடித்ததும் யாரும் பேசவில்லை. வெள்ளைக் கீற்றெல்லாம் மெயின் ரோட்டுப் பக்கத்து நகர்களில். கறுப்பெல்லாம் ஏரிக்கரை ஓரம், கழிவுநீர் லாரி ராத்திரியில் திறந்துவிட்டுப் போகிற கால்வாய் ஓரம், காலனியில். ஜாதிக் கணக்கெடுப்பு எடுத்த மாதிரி இருந்தது. நாற்பது காகிதத்தை வைத்து இதை ஆராய்ச்சி என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் அன்றைக்குப் பார்த்த சுற்றுச்சூழல் அவர்களுடையது.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும், சுற்றியிருந்த ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர் பெரிதாகிவிட்டது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்கள் ஏராளம். சாக்கடை இல்லையென்றால் டேங்க். டேங்க் என்றால் லாரி. லாரி உறிஞ்ச முடியாத அடிச் சேறு என்றால் ஆள். இந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களே ஒரு சுற்றுச்சூழல் பாடம்தான். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் குரோம் தோல் கம்பெனியால் வந்தது. தோலைப் பதனிட்ட கைகள் யாருடையவை, அந்த குரோமியம் யார் வீட்டுக் கிணற்றுக்குப் போனது என்று எந்த கியூஆர் கோடும் சொல்லாது. அது தனிக் கட்டுரை, இங்கே வேண்டாம்.

பிள்ளைகள் இணையத்தில் தேட ஆரம்பித்தார்கள். நான் தேடச் சொன்னது 'மலக்கழிவிலிருந்து ஆற்றல்'. ஒருத்தன் எங்கிருந்தோ கண்டுபிடித்தான்: 1897லேயே பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் விடுதியில் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். ஊர் ஒதுக்கி வைத்தவர்களின் மலத்திலிருந்து வெளிச்சம். நம் சென்னையிலேயே பெருங்குடி, கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம் கழிவுநீர் நிலையங்களில் அந்த வாயுவால் இன்ஜின் ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். அதே பெருங்குடியின் குப்பைமேடு, 2022 ஏப்ரல் கடைசியில் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் எரிந்ததே, அங்கேயும் உள்ளே ஊறிக் கிடந்தது மீத்தேன்தான். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்ஸைடைப்போல ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்குகிற வாயு. பிடித்து அடுப்பில் எரித்தால் தூய ஆற்றல். விட்டுவிட்டால் உலகத்துக்குச் சூடு. மூடியைத் திறந்து இறங்கினால் சாவு. மூன்றும் ஒரே வாயு. பாடப் புத்தகம் முதல் ரெண்டையும் எழுதிவிட்டது.

இன்னொரு பையன் கமுதி சோலார் நிலையத்தைத் தேடிப் படித்தான். 2016இல் வந்தது, 648 மெகாவாட், 25 லட்சம் பேனல்கள். அந்தப் பேனல்களில் படிகிற தூசியைத் துடைக்க ரோபோ வைத்திருக்கிறார்கள், அந்த ரோபோவும் சூரிய மின்சாரத்திலேயே சார்ஜ் ஆகிக்கொள்கிறதாம். படித்துவிட்டு அவன் சும்மா என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன். கண்ணாடியில் படிந்த தூசியைத் தொட மனிதக் கை தேவையில்லை என்று 2016லேயே முடிவு செய்ய முடிந்திருக்கிறது.

செப்டிக் டேங்குக்கு இயந்திரம் இல்லாமலும் இல்லை. 2018இல் கேரளத்தில் பேண்டிகூட் என்ற ரோபோ வந்தது, தெருச் சாக்கடைக் குழிக்குள் இறங்கும். எங்களுக்கு ரயிலில் அரை மணி நேரம், கிண்டியில் இருக்கிற ஐஐடியில் ஹோமோசெப் என்று ஒன்று செய்திருக்கிறார்கள். டேங்குக்குள் விட்டால் குடை மாதிரி விரிகிற பிளேடு சுற்றி அடிச்சேற்றைக் கரைத்துவிடும், அப்புறம் உறிஞ்சிக்கொள்ளலாம், ஆள் இறங்க வேண்டாம். சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தோழர்கள் அந்த வேலையில் கூட இருந்தார்கள். 2022இல் முதல் இயந்திரங்களை, இந்த வேலையில் புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் நடத்துகிற சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். இந்த வீடியோவை நான் வகுப்பில் ரெண்டு தடவை போட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் மூன்றாவது தடவை போடச் சொன்னாள்.

சுற்றுச்சூழல் பேசுகிற நம் நண்பர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. இயற்கைக்குத் திரும்பு, கிராமத்துக்குத் திரும்பு, மாடு, சாணம், மண் வீடு என்கிறார்கள். அந்தச் சாணத்தை யார் அள்ளுவது? கிராமம் எப்படிப்பட்ட இடம் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் சொன்னது எல்லாருக்கும் தெரியும். அவர் இயந்திரத்தின் பக்கம் நின்றவர். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் கையில்தான் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர். எரிசக்தி என்பது மனுஷனை முதுகு ஒடிக்கிற வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்ற கணக்கு அவருடையது. எந்தச் சுற்றுச்சூழல் வீடியோவிலும் அவர் படத்தை நான் பார்த்ததில்லை. மரம் நடுகிற தலைவர்கள்தான் வருகிறார்கள்.

அந்த வருஷ அறிவியல் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பு உயிரி வாயு மாதிரி செய்தது. தெர்மாகோல் மாதிரி இல்லை, நிஜமாகவே எரிகிற மாதிரி. இருபது லிட்டர் தண்ணீர் கேன், பிவிசி பைப், எம்சீல், வாயு சேர ஒரு பழைய லாரி டியூப். சத்துணவில் மீந்த சோறு, காய்கறித் தோல், ஆரம்பிக்க ஒரு வாளி சாணக் கரைசல். முதல் பத்து நாள் டியூப் உப்பியது, பற்றவைத்தால் அணைந்தது. கார்பன் டை ஆக்ஸைடுதான் அதிகம். ஆசையில் ஒருத்தன் நிறையச் சோற்றைப் போட்டுவிட்டான், கரைசல் புளித்து ஊசிப்போய் எல்லாம் நின்றது. மறுபடி முதலிலிருந்து. அழுகின முட்டை நாற்றத்தைப் பிடித்து நிறுத்த, பம்மலில் ஒரு லேத்துப் பட்டறையிலிருந்து துருப்பிடித்த இரும்புச் சுருளை வாங்கிவந்து பைப்புக்குள் திணித்தோம். ஹைட்ரஜன் சல்பைடு துருவோடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு கீற்று, பின்னால் ஒரு கீற்று. முன்னது கறுப்பு, பின்னது வெள்ளை. இருபத்தி எட்டாவது நாள் சாயங்காலம் நீலமாக எரிந்தது. சரியாக ஒரு டம்ளர் டீ கொதித்தது. ஆளுக்கு அரை மூடி குடித்தோம்.

கூடவே ஒரு சார்ட். நடுவில் கோடு. இடது பக்கம் அடுப்பு, வலது பக்கம் டேங்க். ரெண்டுக்கும் நடுவில் பெரிய எழுத்தில் 'அதே கேஸ்தான்'. வலது பக்கத்தில் 2013ஆம் வருஷச் சட்டம், செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை அல்லது ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். 1993லிருந்து கணக்கெடுத்தால் நாட்டிலேயே அதிகமாக இப்படிச் செத்தது தமிழ்நாட்டில் என்று நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு சொன்னது. உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்ன பத்து லட்சம், 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. எல்லாம் அந்தப் பெண்ணின் கையெழுத்து.

கண்காட்சிக்கு முதல் நாள் எங்களைப் பார்வையிட வந்தவர் அடுப்பைப் பாராட்டினார். சார்ட்டைப் பார்த்தார். "கிளீன் எனர்ஜி ஸ்டாலில் இதெல்லாம் எதுக்கு? அசிங்கமா இருக்கு. சின்னப் பசங்க மனசுல பாலிடிக்ஸ் வேண்டாம். அந்தப் பாதியை மட்டும் மடிச்சு விட்டுடுங்க" என்றார். நான் வாதாடினேன் என்று எழுத ஆசைதான். மடித்துவிட்டேன். வேலை, டிரான்ஸ்பர், பிள்ளைகளுக்குக் கண்காட்சி போய்விடக் கூடாது, என்னென்னமோ காரணம். மறுநாள் போய்ப் பார்த்தால் மடிப்பு இல்லை. யாரோ பிரித்து, நாலு மூலையிலும் பசை தடவி, சுவரோடு ஒட்டியிருந்தார்கள். மறுபடி மடிக்க வேண்டுமானால் கிழிக்கத்தான் வேண்டும். யாரும் கிழிக்கவில்லை. பரிசு காற்றாலைக்குப் போனது. தெர்மாகோல் காற்றாலை, பேட்டரியில் சுற்றியது.

அடுத்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் பன்னிரண்டு வீடு. டேங்க் நிரம்பி லாரி வந்திருந்தது. டிரைவரும் ரெண்டு பையன்களும். மேலே இருந்த தண்ணியெல்லாம் உறிஞ்சியாச்சு. அடியில் கெட்டிச் சேறு, ஹோஸ் இழுக்கவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி, "முழுப் பணம் வாங்குறீங்கல்ல, முழுசா எடுங்க" என்றார். ஒரு பையன், இருபது வயது இருக்கும், சட்டையைக் கழற்றி லாரிக் கண்ணாடியில் மாட்டினான். மேலே பால்கனியில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. டேங்க் மூடி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். "எறங்காத தம்பி" என்றேன். "மேடம், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். செக்ரட்டரி, "டீச்சர், அவனே ஒத்துக்கிறான், ஒங்களுக்கு என்ன பிரச்சினை?" என்றார். சட்டம் சொன்னேன். ரெண்டு வருஷம் ஜெயில் என்றேன். அதைவிட அந்த இன்னொன்றுக்குத்தான் அவர் முகம் மாறியது. "எங்க நைனாவும் இந்த வேலைதான் சார் பாத்தாரு. இதுல எறங்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

பத்து வருஷமாகக் குடியிருக்கிற இடம். அதற்கப்புறம் கீழ்வீட்டு அம்மா நவராத்திரிக்குச் சுண்டல் கொடுத்தனுப்புவதில்லை. போகட்டும், அவர் சுண்டலில் எப்போதும் உப்பு ஜாஸ்தி.

பாதி வேலை, பாதிப் பணம் என்று பேசி முடித்தார்கள். பையன் சட்டையைப் போட்டுக்கொண்டான். நான் ஒரு துண்டுச் சீட்டில் 14420 என்று எழிக் கொடுத்தேன். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய இயந்திரத்தோடு வண்டி கேட்கிற இலவச எண், ஆளை இறக்கச் சொன்னால் புகாரும் சொல்லலாம் என்றேன். சீட்டை வாங்கிப் படித்தான். இதுவரை மேடம் என்றவன், "அக்கா, நான் இதுக்கு போன் போட்டா நாளைக்கு ஓனர் என்னைக் கூப்புட மாட்டான். வேற எவனையாவது கூட்டிக்கினு போவான். அவன் எறங்குவான்" என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தடவை, அது வேற பாடம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். மூடி ரெண்டு இருந்தால் ரெண்டையும் திறந்து வைக்க வேண்டும், நாற்றம் நின்றால் ஓடிவர வேண்டும் என்று நைனா சொன்னதை அவனிடம் சொன்னேன். "கரப்பான் பூச்சியப் பாப்போம் அக்கா" என்றான். அவனுக்கும் தெரிந்திருந்தது. சீட்டை மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லாரியில் ஏறினான். லாரி முடிச்சூர் ரோடு பக்கம் திரும்பிப் போனது.